மேல்மண் யார் செலவு?

குள்ளஞ்சாவடியில் ஒரு மாடிக்குக் காற்று வழியே இணையம் ஏற்ற எவ்வளவு ஆகும்? அதை வாங்குபவர் கொடுப்பதா, விற்பவர் கொடுப்பதா? சின்ன ஆபரேட்டர்கள் வாழ்வதும் வீழ்வதும் இந்தக் கணக்கில்தான்.

நெய்வேலிக்காரர்களுக்கு மேல்மண் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு வருடம் வெட்டி எடுத்ததெல்லாம் மண். விற்க ஒரு கூடை கரி கிடையாது. ஆனால் இயந்திரம் ஓட வேண்டும், ஆளுக்குச் சம்பளம் போக வேண்டும். அந்த நான்கு வருடத்தை அரசாங்க கஜானா தாங்கியது. நிலம் கொடுத்தவர்கள் தாங்கியது தனிக் கணக்கு, அது இன்னும் தீரவில்லை.

அங்கிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிக் கடலூர்ச் சாலையில் வந்தால் குள்ளஞ்சாவடி. செம்மண்ணும் முந்திரியும் பலாவுமான பூமி. இங்கே ஒருவர் டவர் நட்டு, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு வயர்லெஸ் இணையம் விற்க முனைந்தால் அவர் முன்னாலும் ஒரு மேல்மண் கிடக்கிறது. முதல் மாதச் சந்தா கைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒரு ரேடியோ, ஒரு பைப், ஒரு கேபிள், இரண்டு ஆள் கூலி என்று பணம் இறங்கிவிடும். கஜானா இல்லாத மனிதர் அதை எங்கிருந்து எடுப்பார்?

"இன்ஸ்டாலேஷன் ஃப்ரீயாண்ணே?" என்று எல்லோரும் கேட்கிறோம். ஃப்ரீ என்று பதில் வந்தால், அந்தச் செலவு வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் காற்று வழி?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடுகள் பிளாக் பிளாக்காக, தெரு தெருவாக இருக்கின்றன. ஒரு தெருவுக்குக் கேபிள் இழுத்தால் வரிசையாக வீடுகள் கிடைக்கும். முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு வீடு, அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீடு என்றிருக்கும் கிராமத்தில் அப்படியில்லை. அங்கே ஒற்றை வீட்டுக்காகக் கம்பம் கம்பமாக ஃபைபர் இழுப்பது கட்டுப்படியாகாது. டவர் உச்சியில் ஒரு செக்டார் ஆன்டெனா, வீட்டு மாடியில் சின்ன டிஷ் வைத்த ரேடியோ. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் போதும், இடையில் எத்தனை தோப்பு இருந்தாலும் கம்பி வேண்டாம்.

சட்டமும் வழிவிட்டிருக்கிறது. 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்தத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தது. 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் கதவைத் திறந்தது. அலைக்குக் கட்டணம் இல்லாமல் போனது இப்படித்தான். இணையம் விற்பதற்கான உரிமம் வேறு. 2013-ல் வந்த ஒருங்கிணைந்த உரிம முறையில் நாடு முழுவதற்குமான 'ஏ' பிரிவுக்கு நுழைவுக் கட்டணம் 30 லட்சம், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கான 'பி' பிரிவுக்கு 2 லட்சம், சிறு வட்டாரத்துக்கான 'சி' பிரிவுக்கு 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த 20,000-த்துக்கும் தயங்குபவர்கள் பெரிய நிறுவனம் ஒன்றின் கீழே ஃபிரான்சைஸ் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, அலை இலவசம், உரிமம் கைக்கு எட்டும் தூரம். பணத்தை விழுங்குவது மாடி.

பலாக்கொட்டை வடிவில் ஒரு வழி

மாடிச் செலவை வீட்டுக்கு வீடு மாற்றுவது மரம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இலை என்றால் ஆகாது. ஈர இலை என்றால் இன்னும் மோசம். டவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பெருத்து இரு முனையிலும் ஒடுங்கி, நீளமாக இழுத்த பலாக்கொட்டை போன்ற ஒரு வழி அதற்கு வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில், 5 கிலோமீட்டர் தூர இணைப்புக்கு, நடுவழியில் அந்தக் கொட்டையின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே கிட்டத்தட்ட 5 மீட்டர் வெற்றிடம்.

முந்திரி தாழ்ந்து பரவும் மரம், அதைத் தாண்டிவிடலாம். பலாவும் தென்னையும்தான் ஆளை உயரே ஏற வைக்கும். ஒரு வீட்டுக்குப் பத்தடி பைப் போதும். அடுத்த வீட்டுக்கு இருபதடி பைப்பும் மூன்று பக்கம் ஸ்டே கம்பியும் வேண்டும். மூன்றாவது வீட்டில் எவ்வளவு ஏற்றினாலும் சிக்னல் வராது. ஆபரேட்டர் ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு திரும்புவார். அந்தப் பெட்ரோலும் பாதி நாளும் யார் பில்லிலும் ஏறாது. இதனால்தான் எல்லா வீட்டுக்கும் ஒரே இன்ஸ்டாலேஷன் சார்ஜ் என்று சொல்பவர், சுலபமான மாடிக்காரரிடம் கூட வாங்கிக் கஷ்டமான மாடிக்காரருக்குக் கொடுக்கிறார். அது தவறில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு

கணக்குக்காக ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் கடைக்குக் கடை, பிராண்டுக்குப் பிராண்டு மாறும். இங்கே சொல்பவை கூட்டிக் கழித்துப் பார்க்க வசதியாக நாமே வைத்துக்கொண்ட எண்கள்.

டிஷ்ஷோடு கூடிய ரேடியோவும் அதற்குக் கரண்ட் ஏற்றும் அடாப்டரும் 5,000 ரூபாய். வீட்டுக்குள் வைக்கும் வைஃபை ரௌட்டர் 1,200. இந்த இரண்டும் பெட்டிகள், சேர்த்து 6,200.

வெளிப்புறக் கேபிள் 30 மீட்டர், 600. ஜி.ஐ. பைப், கிளாம்ப், போல்ட் 1,200. கனெக்டர், டேப், டை வகையறா 300. இவை சாமான்கள், 2,100.

இரண்டு ஆளுக்கு அரைநாள் கூலி 1,200. பெட்ரோலும், சிக்னல் வராமல் திரும்பி வந்த பயணங்களில் இந்த வீட்டின் பங்கும் 300. இது உழைப்பு, 1,500.

மொத்தம் 9,800.

மாதச் சந்தா வரி நீங்கலாக 500 என்று வைப்போம். மேலிருந்து வாங்கும் இணையக் கொள்ளளவு, டவர் வாடகை, மின்சாரம், போன் எடுத்துப் பதில் சொல்லும் பையனின் சம்பளம் எல்லாம் பிரித்தால் வீட்டுக்கு 300 போகிறது என்று கொள்வோம். மிஞ்சுவது 200. எல்லாவற்றையும் ஃப்ரீயாகக் கொடுத்திருந்தால் 9,800-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: 49 மாதம். நான்கு வருடமும் ஒரு மாதமும் கழித்துத்தான் போட்ட முதல் திரும்பும். வெயிலிலும் மழையிலும் இடியிலும் மாடியில் கிடக்கும் ரேடியோ அதுவரை உயிரோடு இருக்க வேண்டும், வீட்டுக்காரர் அதுவரை ஊர் மாறாமல் இருக்க வேண்டும், பக்கத்தில் வேறொருவர் மலிவாகக் கடை விரிக்காமலும் இருக்க வேண்டும்.

50 வீடு என்றால் 4,90,000 ரூபாய் மாடிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊர் முழுக்க "நல்லா ஓடுதே அண்ணன் நெட்டு" என்று பேசும்போதே அண்ணன் நகையை அடகு வைத்திருப்பார். வீடு கூடக் கூடக் கடன் கூடும். இந்தத் தொழிலில் வேகமாக வளர்பவர் வேகமாக விழுவதன் ரகசியம் இதுதான்.

மூன்றாகப் பிரித்தால்

9,800 ரூபாயை ஒரே மூட்டையாகப் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. மூன்று பகுதிக்கும் மூன்று சுபாவம்.

பெட்டி திரும்பி வரும். வீட்டுக்காரர் இணைப்பை நிறுத்தினால் ரேடியோவைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டலாம். எனவே அது ஆபரேட்டரின் சொத்தாகவே இருப்பது நல்லது. அவர் முதல் போட வேண்டியதும் அதற்கு மட்டும்தான். பெட்டி பத்திரமாகத் திரும்புவதற்கு ஒரு டெபாசிட் வாங்கலாம்.

சாமான் திரும்பி வராது. அந்த மாடியின் உயரத்துக்கு வெட்டிய பைப்பும், அந்தச் சுவரின் நீளத்துக்கு அளந்த கேபிளும் இன்னொரு வீட்டுக்கு உதவாது. அவை வீட்டோடு போகட்டும். வீட்டுக்காரரே விலை கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் முறை. இருபதடி பைப் தேவைப்பட்டால் அதற்குத் தகுந்த விலை.

உழைப்பு அன்றைக்கே எரிந்துவிடும். மாலையில் கூலி கொடுத்தாக வேண்டும், தவணை சொல்ல முடியாது. அதையும் அன்றே வாங்கிவிட வேண்டும்.

இந்தப்படி பார்த்தால் வீட்டுக்காரர் முதல் நாள் கொடுப்பது சாமானுக்கும் உழைப்புக்குமாக 3,600, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 2,000. ஆபரேட்டரின் கையிலிருந்து இறங்குவது 4,200. மாதம் 200 வீதம் 21 மாதத்தில் அது திரும்பிவிடும். 50 வீட்டுக்கு 2,10,000. ஃப்ரீ கணக்கில் தேவைப்பட்டதில் பாதிக்கும் குறைவு.

பத்தாவது மாதம் அந்தக் குடும்பம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தால்? ஃப்ரீ கணக்கில் வந்தது 2,000. பெட்டி திரும்பி வந்தால் நஷ்டம் 1,600, வராவிட்டால் 7,800. பிரித்த கணக்கில் சாமானும் உழைப்பும் ஏற்கெனவே அடைந்துவிட்டன. பெட்டியை வாங்கிக்கொண்டு டெபாசிட்டைக் கொடுத்தால் இருவரும் சிரித்த முகத்தோடு பிரியலாம்.

ஒரு எச்சரிக்கை. டெபாசிட் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அதை எடுத்து அடுத்த வீட்டு ரேடியோ வாங்கினால், நாலு பேர் ஒரே மாதத்தில் கனெக்ஷனை வெட்டும்போது கழுத்தைப் பிடிக்கும். சீட்டு நடத்தித் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டாம்.

டவர் செலவு? அதை இன்ஸ்டாலேஷனில் சேர்க்கக் கூடாது. டவரும் அதன் மேலுள்ள கருவிகளும் இரண்டரை லட்சம் என்று வைத்தால் 25 வீட்டுக்கு ஆளுக்கு 10,000, நூறு வீட்டுக்கு ஆளுக்கு 2,500. முதலில் நம்பி வந்த 25 பேர் பின்னால் வரப்போகும் 75 பேருக்கும் சேர்த்து அழுவது நியாயமில்லை. அது ஆபரேட்டரின் துணிச்சலுக்கான விலை, மாதச் சந்தாவில் மெதுவாக வர வேண்டியது.

சென்னையில் போட்ட கணக்கு

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு முன்பே போட்டுப் பார்த்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு தொலைபேசி இணைப்புக் கொடுக்க நிறுவனத்துக்குச் சுமார் 30,000 ரூபாய் ஆனது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா ஒரு எளிய வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் போட்ட முதலில் 35 சதவீதத்துக்கு மேல் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். 30,000-க்கு 10,500. மாதம் 875 ரூபாய் போன் பில் கட்டக்கூடிய குடும்பங்கள் அன்றைய இந்தியாவில் எத்தனை? சந்தாவைக் குறைக்க வேண்டுமானால் முதலில் இணைப்பின் அடக்கச் செலவை மூன்றில் ஒன்றாக்கு என்பது அவர் வாதம்.

அதிலிருந்து பிறந்தது கார்டெக்ட். அவருடைய டெனெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் உருவாக்கிய கம்பியில்லா இணைப்பு. டவரிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை எட்டும், பேச்சும் நடக்கும், நொடிக்கு 35 கிலோபிட் இணையமும் வரும். அதை வைத்து என்-லாக் என்ற நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. மையம் நடத்துபவர் கம்ப்யூட்டர், பிரின்டர், ஆன்டெனா எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய் முதல் போட வேண்டும். 2001-ல் மதுரை மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற பெயரில் நடந்த முயற்சி உலகப் பல்கலைக்கழகங்கள் வந்து பார்த்த பாடமானது. ஆனால் பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது, அன்றாடச் செலவுக்கு வருமானம் ஈடுகொடுக்கவில்லை என்பதைத்தான். முதல் செலவைக் குறைத்ததில் கார்டெக்ட் ஜெயித்தது, மாதக் கணக்கில் மையங்கள் தோற்றன.

தேனி சொன்ன பாடம் வேறு. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறக் கண் மையங்களை வைஃபை மூலம் இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புருவரின் குழு வந்தது. சாதாரண வைஃபை அட்டைகளை நீண்ட தூரத்துக்குப் பழக்கி, நோயாளி கிராமத்தில் இருக்க மருத்துவர் நகரத்திலிருந்தே வீடியோவில் பார்க்கும்படி செய்தார்கள். 2008-ல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது அவர்கள் அழுத்திச் சொன்ன எதிரி மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜ் கருவிகளைக் கொன்றது. ரேடியோவின் விலையோடு, அதற்கு ஒழுங்கான கரண்ட் கொடுப்பதற்கான விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

கடலூர் மாவட்டத்துக்கு இதோடு புயலையும் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் காற்றில் பத்தடி பைப் எம்மாத்திரம்? ஆக, பில்லில் எழுத வேண்டிய இன்னொரு வரி: இடி விழுந்தால், புயலில் பைப் சாய்ந்தால் யார் செலவு? "அப்போ பாத்துக்கலாம்ப்பா" என்று விட்டால் ஐப்பசி அடைமழையில் மாடியில் நின்று சண்டை போட வேண்டியிருக்கும். எர்த்திங்குக்கு நானூறு ஐநூறு கூடக் கேட்கும் ஆபரேட்டரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். கேட்காதவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெரிய கைகள்

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன? ஜியோ தன் காற்று வழி இணையமான ஏர்ஃபைபரை 2023 செப்டம்பர் 19, விநாயகர் சதுர்த்தி அன்று தொடங்கியபோது ஆரம்பத் திட்டம் மாதம் 599 ரூபாய், வரி தனி. இன்ஸ்டாலேஷன் 1,000. ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் அந்த ஆயிரம் தள்ளுபடி. அதற்கு முந்தைய மாதம் ஏர்டெல் இதே வகைச் சேவையைக் கொண்டுவந்தபோது ஆறு மாதச் சந்தாவோடு திரும்பக் கிடைக்கும் 2,500 ரூபாய் டெபாசிட் கேட்டது. மொட்டையாக ஃப்ரீ என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் ஓராண்டுக் காலத்தை விலையாகக் கேட்டார், இன்னொருவர் டெபாசிட் கேட்டார். இரண்டும் பெட்டிக்கான பிணைதான்.

அவர்களால் 1,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ள முடிவதற்குக் காரணம் உண்டு. லட்சக்கணக்கில் பெட்டி வாங்கும்போது கிடைக்கும் விலை சின்ன ஆபரேட்டருக்குக் கிடைக்காது. மீதிச் செலவை வருடக்கணக்கில் சுமக்க முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். குள்ளஞ்சாவடி ஆபரேட்டர் அந்த ஆயிரத்தோடு போட்டி போட்டால் தோற்பார். அவர் விற்க வேண்டியது வேறு. "அண்ணே, நெட்டு வரல" என்று போன் வந்தால் அரைமணியில் ஏணியோடு வந்து நிற்கிறார். தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு இருபதடி பைப் நட்டுக் கொடுக்கிறார். கால்சென்டரில் இந்தி கேட்க வேண்டியதில்லை. இதற்கு மாதம் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்க மக்கள் தயங்குவதில்லை. மறைத்து வாங்கினால்தான் கோபப்படுகிறார்கள்.

இலவசப் பெட்டியின் கதையை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது. பின்னாளில், ஓடாமல் கிடக்கும் பாக்ஸ்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆபரேட்டர்களிடம் கேட்க வேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்காத பெட்டியை யாரும் துடைத்து வைப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன்

இணைப்பு வாங்குபவர் நான்கு கேள்வி கேட்டால் போதும்.

ரேடியோ யாருடையது? என்னுடையது என்றால் பில் வேண்டும். உங்களுடையது என்றால் டெபாசிட் ரசீதும், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்ற எழுத்தும் வேண்டும்.

பைப்புக்கும் கேபிளுக்கும் என்ன விலை? அதை நானே கடையில் வாங்கிக் கொடுத்தால் கழித்துக்கொள்வீர்களா?

சிக்னல் வராவிட்டால் நான் கொடுத்தது திரும்புமா? ஒரு மரம் வளர்ந்து மறைத்தால்?

இடி, புயல், எலி கடித்த கேபிள். இந்த மூன்றுக்கும் யார் பொறுப்பு?

இதே நான்கு கேள்விக்கு முன்கூட்டியே பதில் அச்சடித்து வைத்திருக்கும் ஆபரேட்டரிடம் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். அவர் கணக்குத் தெரிந்தவர். அடுத்த வருடமும் இருப்பார்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கரி எடுத்த பள்ளத்தை அப்படியே விடுவதில்லை. ஒரு பக்கம் வெட்டி எடுக்கும் மேல்மண்ணை மறுபக்கம் கரி தீர்ந்த குழியில் கொட்டி, அதன்மேல் மரம் நடுகிறார்கள். சின்ன ஆபரேட்டர் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தச் சுழற்சியை. ஒரு மாடியிலிருந்து இறங்கும் ரேடியோ, துடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அடுத்த வாரம் இன்னொரு மாடியில் ஏற வேண்டும். இறக்கும்போது வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், ஏற்றிய அன்றே மூன்று வரியில் பில் எழுதியிருக்க வேண்டும்.